இருபத்தைந்து பல்

பகலில் இந்தக் கோனியோமீட்டர்
கண்ணமங்கலத்துக்காரர் முழங்காலில் இருந்தது.
எழுபது பாகை. அதற்குமேல் மடங்கமாட்டேன் என்றது கால்.
எழுபத்தைந்துன்னு எழுதுங்களேன் மேடம்,
ஊருக்கு அனுப்பிடுவாங்க என்றார்.
எழுபது என்றே எழுதினேன்.

இரவில் அதே பிளாஸ்டிக் அளவுகோல்
சத்துவாச்சாரி மாடியில், சாப்பாட்டு மேஜையில்,
எலிவேட்டரின் கீல்மேல் உட்கார்ந்திருக்கிறது.
மின்விசிறியை நிறுத்தியாயிற்று. பால்சாத் தூள் பறக்கும்.
சித்திரை வெயிலில் தளர்ந்துபோன இறக்கை உறையை
அயர்ன்பாக்ஸ் வைத்து இழுத்துக்கொண்டிருக்கிறான் ஜுனைத்.
மேல்விஷாரத்தில் தோலுக்குச் சாயம் கலக்கிறவன்.
நகக்கண்ணில் இன்றைக்கு நீலம்.
இறக்கை அவன் கட்டியது. மூட்டுகள் என் பொறுப்பு.

முதலில் மின்சாரம்.
ரிசீவர் கண்விழித்ததும்
ஐந்து சர்வோவும் ஒரு சிணுங்கலோடு
நடுவுக்கு வந்து நிற்கும்.
அப்புறம்தான் கையை மாட்ட வேண்டும்.
மாட்டிவிட்டு நடுவைத் தேடுகிறவர்கள்
தேடிக்கொண்டே இருப்பார்கள்.

சர்வோத் தண்டில் இருபத்தைந்து பல்.
ஒரு பல் தள்ளினால் பதினாலு பாகைக்குக் கொஞ்சம் மேலே.
எனக்கு வேண்டியதோ இரண்டோ மூன்றோ.
"ரேடியோல நாலு தட்டு தட்டிட்டா நேராயிடும்.
யாருக்குத் தெரியப்போவுது?" என்கிறான்.
கண்ணமங்கலத்துக்காரரும்
இதே குரலில்தான் கேட்டார்.

நாலு கை உள்ள கொம்பை எடுத்தேன்.
இருபத்தைந்தை நாலால் வகுத்தால் மீதி ஒன்று.
அந்த மீதியில்தான் என் பிழைப்பு:
ஒவ்வொரு கையும் பல்லில் ஒவ்வொரு விதமாய் உட்காரும்.
முதல் கை முன்னே சாய்ந்தது.
அடுத்தது பின்னே.
மூன்றாவது, தள்ளுகம்பிக்கு நேர் செங்குத்தாக,
பேர் சொல்லிக் கூப்பிட்டதுபோல் நிமிர்ந்தது.
மற்ற மூன்றையும் வெட்டிப் போட்டேன்.

மேலே நாற்பத்தைந்து. கீழே நாற்பத்தைந்து.
வாலின் இடப்பாதிக்கும் வலப்பாதிக்கும்
அரைப் பாகைகூட வித்தியாசமில்லை.
குச்சியை முழுக்க இழுத்துப் பிடித்துக் காது கொடுத்தேன்.
முனகல்.
எங்கோ முட்டுகிறது, முட்டிக்கொண்டே பலம் காட்டுகிறது.
பல்லைக் கடித்துக்கொண்டு வலிக்கவேயில்லை என்பார்களே, அப்படி.
எல்லையை இரண்டு சதவீதம் குறைத்தேன்.
அடங்கியது.

காட்பாடிப் பக்கம் ஏதோ ரயில் ஊதியபோது
ஏலரான்களும் முடிந்திருந்தன.
கீல் இடுக்கில் காற்று கசியாமல் டேப் ஒட்டி
மேஜைக்கு இந்தப் பக்கம், மூக்கைப் பார்க்க நின்று,
வலது என்று குச்சியைத் தள்ளினேன்.
வலது எழுந்தது.
தூங்கப் போனேன்.

ஞாயிறு, பெருமுகை தாண்டிப் பாலாற்று மணல்.
லாரித் தடம் இறுகிப்போன இடம்தான் ஓடுபாதை.
ஜுனைத் வாலைப் பிடித்திருந்தான். விட்டான்.
பத்தடிகூட ஓடவில்லை, எழுந்துவிட்டது.
எலிவேட்டர், அடடா,
ஒரு இம்மி கோணாமல் நூல் பிடித்தாற்போல் மேலே.
அப்போது ஆற்றுக்காற்று இடது இறக்கையை அமுக்கியது.
வலது கொடுத்தேன்.
இன்னும் இடது சாய்ந்தது.
இன்னும் வலது கொடுத்தேன்.

எதிரே உட்கார்ந்திருப்பவரின் வலது எனக்கு இடது.
பன்னிரண்டு வருஷத்தில் ஒரு கால்கூட
மாற்றிப் பிடித்ததில்லை நான்.
முகம் இருக்கிறவர்களிடம்.

சீமைக்கருவேலத்துக்குக் கொஞ்சம் முன்னால்
மணலில் குத்திக்கொண்டு கிடந்தது.
இடது இறக்கை பாதியில் முறிந்து
உறையிலும் ஒரு வயரிலும் தொங்குகிறது.
பேட்டரி கழன்றிருந்தது. மாட்டினேன்.
ஐந்தும் சிணுங்கி நடுவுக்கு வந்தன.
வாலின் இரு பாதியும் சமம், நேற்றைப் போலவே.
"டிகிரி எல்லாம் கரெக்டாத்தான் கீது" என்றான் ஜுனைத்,
சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டு.

எழுந்து சுற்றிப் போய்
வாலுக்குப் பின்னால் நின்றேன்.
வலது என்றேன்.
முறிந்த துண்டில்
இடது ஏலரான்
மணலை உதிர்த்துக்கொண்டு மெல்ல எழுந்தது.